மரங்கள் நிற்கும் விளையில் கார் வழியை எங்கே விடுவது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் 20 சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்கி வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் கன்னிமூலை பார்ப்பார்கள். அடுத்து கிணறு, அப்புறம் தலைவாசல். கார் வழி கடைசியில்தான் பேச்சுக்கு வரும். அதற்குள் ஜேசிபி தனக்குத் தோதான மூலையில் எல்லைச் சுவரான கையாலையை இடித்து உள்ளே ஏறியிருக்கும். டிப்பர் லாரிகள் ஆறு மாதமாகச் சக்கை (பலா) மரத்தின் மூட்டை, அதாவது அடிமரத்தை, ஒட்டியே ஓடியிருக்கும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் மாமரத்தடியில் இரண்டடி உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். பால் காய்ச்சி இரண்டு வருடம் கழித்து அந்த மரங்கள் கொப்பு கொப்பாகக் காயும்போது எல்லோரும் மருந்து கேட்டு அலைவார்கள். மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. வண்டி போன இடம்தான் தப்பு.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மரம், பிறகு வழி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு முளை அடிப்பது. 20 சென்டில் வீட்டை ஐந்தடி அங்கே இங்கே நகர்த்தலாம். 40 வருட அயினி (ஆஞ்சிலி) மரத்தை நகர்த்த முடியாது, தண்ணீர் ஓடும் சரிவையும் மாற்ற முடியாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு. ஜூனில் தொடங்குவது ஒன்று, அக்டோபர், நவம்பரில் வருவது இன்னொன்று. இரண்டில் ஒன்றையாவது காலி மனையில் நின்று பாருங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் போனாலே போதும். சருகும் ரப்பர் இலையும் எந்தக் கோட்டில் ஒதுங்கியிருக்கின்றன, செம்மண் எங்கே மெழுகினாற்போல் படிந்திருக்கிறது, கையாலையின் எந்தக் கல்லிடுக்கில் தண்ணீர் இன்னும் கசிகிறது என்பதெல்லாம் தெரியும். அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். சருகு ஒதுங்கிய கோட்டின் மேல் நீளவாக்கில் வழி போட்டால், நீங்கள் போடுவது வழி அல்ல, ஓடை. அந்தக் கோட்டை வழி குறுக்கே வெட்டிப் போகலாம். ஆனால் வெட்டும் இடத்தில் அடியில் குழாய் வேண்டும், அல்லது மேலே தாழ்வான பாத்தி போன்ற கடவு வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்த்தால்தான் மனசில் பதியும். 80 அடி நீளம், 10 அடி அகலம் என்றால் 800 சதுர அடி. அதை முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடினால், ஒரு இஞ்சு மழைக்கு 67 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர் தண்ணீர் வழிமேல் ஓடும். சரிவு ரோட்டை நோக்கி இருந்தால் எதிர்வீட்டோடு சண்டை, வீட்டை நோக்கி இருந்தால் கார் ஷெட்டுக்குள் சேறு.

அடுத்தது ஏற்றம். மேற்குப் பக்கம் பல மனைகள் ரோட்டைவிட ஐந்தடி, ஆறடி உயரத்தில் தட்டுத் தட்டாக இருக்கும். சந்துகள் இருபுறமும் கையாலைக்கு நடுவே பள்ளத்தில் ஓடும். ஏற்றம் 8 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 6 அடிக்கு 1 அடி என்றால் உலர்ந்த நாளில் கார் ஏறும். மழையில் பாசி பிடித்த கான்கிரீட்டில் முன்சக்கரம் சுழலும். சைக்கிளில் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும், வயதான அம்மா நடந்து இறங்குவதையும் யோசித்தால் 10க்கு 1தான் நல்லது.

ஆறடி உயர மனைக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? கேட்டைத் தாண்டியதும் ஒரு கார் முழுதாக நிற்க 16 அடி சமதளம் விடவேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 8 அடி நீளத்துக்குப் பாதிச் சரிவாக, 16க்கு 1 என்று வைக்கவேண்டும். இல்லாவிட்டால் காரின் அடிவயிறு முனையில் உரசும். அந்த இரண்டு துண்டிலும் அரையடி அரையடியாக ஓரடி ஏறிவிடும். மீதி 5 அடி உயரத்துக்கு 8க்கு 1 கணக்கில் 40 அடி. மொத்தம் 72 அடி. நேராக உள்ளே போக மனையில் அவ்வளவு நீளம் இல்லையென்றால், மூலையில் நுழைந்து கோணலாக ஏறுங்கள். தட்டுக்குக் குறுக்கே சாய்வாக ஏறும் வழிக்கு மண் வெட்டும் வேலையும் குறைவு, மரங்களுக்கு நடுவே நெளிந்து போகவும் இடம் கிடைக்கும்.

உயரம் அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், போதும். ரோட்டு மட்டத்தில் ஒரு முளை, அங்கிருந்து 10 அடிக்கு ஒரு முளை. குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முளையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கரிக்கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைக்கு டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். கண் மட்டத்தை நம்பவேண்டாம். மரநிழலில் சரிவு எப்போதும் குறைவாகத்தான் தோன்றும்.

மனை ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால் கவலை வேறு. ரோட்டுக்குத் தார் போடும்போதெல்லாம் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். இன்று சமமாக இருக்கும் கேட் பத்து வருடத்தில் பள்ளமாகிவிடும். அதனால் கேட் விழும் இடத்தை ரோட்டின் நடுமட்டத்தைவிட அரையடி உயர்த்தி ஒரு மேடு வைத்து, அங்கிருந்து உள்ளே இறங்குங்கள். இறக்கம் வீட்டில் போய் முடியக்கூடாது. வீட்டுக்கு 10 அடி முன்பே குறுக்கே ஓர் ஓடை வெட்டி, இரும்புக் கிராதி போட்டு, தண்ணீரைப் பக்கத்துத் தட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

இனி மரங்கள். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், மரத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். அந்தச் சுற்றளவின் நாலு மடங்கு தூரம்வரை நாலா பக்கமும் அந்த மரத்தின் வேர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 அடி சுற்றளவுள்ள மாமரத்துக்கு 20 அடி. அந்த வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழியால் மூடாதீர்கள். சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள், அதாவது இந்த மாமரத்துக்கு மூட்டிலிருந்து 5 அடிக்குள், மண்வெட்டியே படக்கூடாது. மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் தடித்த வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. அதை வெட்டினால் மரம் காயாது, சாயும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மரம் விழாத விளை அபூர்வம். வேரறுந்த மரத்துக்கு அந்த அளவு காற்றுகூட வேண்டாம்.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் கணவாய் வழியாக ஆடிக்காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். அங்கே மரத்தின் மேற்குப் பக்கத்து வேர்கள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. வழி மரத்தை ஒட்டிப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கிழக்குப் பக்கமாகப் போகட்டும்.

வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே ஓரடி வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று ஜேசிபிக்காரர் சொல்வார். அது சரியல்ல. உணவும் காற்றும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேலிருந்து இரண்டடிக்குள்தான் பரவியிருக்கும். வெட்டினால் மட்டுமல்ல, மேலே மண்ணைக் கொட்டினாலும் அவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒரு நல்ல மரத்தின் மூட்டைப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் அகன்று, பட்டை மடிப்பு மடிப்பாக வேருக்குள் இறங்கும். அந்த அகலம் மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். மின்கம்பம் நட்டதுபோல் மரம் நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ மண் நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கையால் மண்ணை வாரி அந்த விரிவு தெரியும்வரை எடுத்துவிடுங்கள்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. சக்கை மரம் மூட்டில் தண்ணீர் கட்டினால் தாங்காது. வழியை உயர்த்தி மண் அடித்து, அதன் மேல்பக்கத்தில் சக்கை மரம் நின்றால், வழியே அணைபோல் தண்ணீரைத் தடுத்து மரத்தைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் வழிக்கு அடியில் 6 இஞ்சுக் குழாய் குறைந்தது இரண்டு கட்டாயம் வேண்டும். தென்னையின் வேர் நார் நாராக மூட்டைச் சுற்றியே அடர்ந்திருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் அறுபட்டாலும் புதிது விடும். ஆனால் தேங்காயும் மட்டையும் விழும் இடத்தைப் பார்க்கவேண்டும். மூட்டைப் பார்த்து அளக்காதீர்கள், மண்டைக்கு நேர்கீழே தரையில் அளங்கள். சாய்ந்த தென்னைக்கு மூடு ஒரு பக்கமும் மண்டை இன்னொரு பக்கமும் இருக்கும். வண்டி ஓடும் இடம் அதன் கீழே வரலாம், வண்டி நிற்கும் இடம் வரக்கூடாது. காய்க்கிற சக்கை மரத்துக்கும் இதே விதிதான். 15 கிலோ சக்கை ஒன்று விழுந்தால் காரின் முன்கண்ணாடி மிஞ்சாது.

ரப்பர் விளையைப் பிரித்து விற்ற மனைகளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நிழலுக்கென்று வழியோரம் நாலைந்து ரப்பரை மட்டும் விட்டுவைப்பார்கள். நெருக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி நெடுநெடுவென்று வளர்ந்த மரங்கள் அவை. சுற்றிலும் வெட்டித் திறந்துவிட்டால் காற்றில் நடுவிலே முறியும். டிசம்பர் தொடங்கி மொத்த இலையையும் உதிர்த்து ஓடையை அடைத்தும் வைக்கும். ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வழியை விடுவதுதான் என் அபிப்பிராயம். மிச்சம் பிடிக்கவேண்டிய மரங்கள் அயினி, நாட்டுமா, புளி, காய்க்கிற சக்கை. எல்லா மரத்தையும் காப்பாற்ற நினைத்தால் எதுவும் பிழைக்காது. மூன்று அல்லது நான்கு மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு முழு வட்டத்தையும் விட்டுக்கொடுங்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் நிற்குமானால் கத்தி வைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலையடிவாரக் கிராமங்களுக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

வழியின் வாய் எங்கே வரும் என்பதை ரோடுதான் பாதி தீர்மானிக்கும். 10 அடி சந்திலிருந்து 10 அடி கேட்டுக்குள் சிறிய கார்கூட ஒரே திருப்பில் ஏறுவது கஷ்டம். கேட்டை 12 அடி வையுங்கள். கையாலையின் இரு முனைகளையும் 5 அடிக்கு 5 அடி கோணலாகச் சரித்து விடுங்கள். அந்த இரு பக்கமும் 10 அடி நீளத்துக்குக் கையாலை மூன்றடி உயரத்துக்கு மேல் இருக்கவேண்டாம். வண்டி வெளியே தலைநீட்டும்போது சந்தில் வரும் பைக் தெரியவேண்டும். வளைவின் உள்பக்கத்தில் கேட் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வழி உடனே ஏறுகிறதென்றால் உள்பக்கம் திறக்கும் கேட் தரையில் இடிக்கும். 16 அடி சமதளம் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இடமே இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளும் கேட் போடலாம், ஆனால் அதற்குப் பக்கத்தில் 13 அடி நேர்ச் சுவர் வேண்டும்.

வாஸ்துப்படி ஒரு பக்கமும் வண்டிக்கு இன்னொரு பக்கமும் தோதாக வந்தால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். வாசல் முகப்பான படிப்புரையும் நடைகேட்டும் கணக்குப்படி இருக்கட்டும், கார் கேட் தரை சொல்கிற இடத்தில் இருக்கட்டும்.

மின்கம்பம், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, குடிநீர்க் குழாயின் வால்வு, மூன்றும் எங்கே என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்தை மாற்ற மின்வாரியத்தில் பணம் கட்டிக் காத்திருப்பதைவிட கேட்டை ஆறடி தள்ளி வைப்பது லேசு. ரோட்டோர ஓடையின் மேல் ஸ்லாப் போடவோ குழாய் பதிக்கவோ ஊராட்சி அல்லது பேரூராட்சியில் அனுமதி வாங்கவேண்டும், நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையில். குழாய் 12 இஞ்சு போதும் என்பார்கள். மட்டையும் தேங்காய்த் தொண்டும் சருகும் வந்து அடைக்கும் ஊரில் 18 இஞ்சுக்குக் குறையாதீர்கள். வண்டிப் பாரம் தாங்கும் என்பி3 (NP3) ரக சிமென்ட் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் பட்டணங்கால் வழியாகவும் அதன் கிளைகள் வழியாகவும் எத்தனையோ ஊர்களுக்குள் ஓடுகிறது. சானல்கரையில் மனை வாங்கியவர்கள், கரை புறம்போக்கு என்பதை மறக்கவேண்டாம். புல வரைபடத்தில் எல்லையைப் பார்த்து, நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் கரையை வெட்டவோ பாலம் போடவோ கூடாது. பத்திரத்தில் பக்கத்து மனைக்காரருக்கு நடைவழி உரிமை எழுதியிருக்கிறதா என்பதும் பார்க்கவேண்டியது.

உள்ளே நேர்வழிக்கு 10 அடி அகலம் போதும். திருப்பங்களில் 13 அடியாக்குங்கள், உள்வளைவு 12 அடி ஆரத்துக்குக் குறையவேண்டாம். வீட்டுப் பக்கம் 10க்கு 20 அடியில் ஒரு கிளை விட்டால் வண்டியைத் திருப்பி முன்முகமாக வெளியே எடுக்கலாம். கொப்புகளை 14 அடி உயரம்வரை கழித்துவிடுங்கள். தீயணைப்பு வண்டியும் செங்கல் லாரியும் உள்ளே வரவேண்டியிருக்கும். செப்டிக் டேங்குக்கு மேல் வழி வரவே கூடாது.

இதையெல்லாம் தாளில் வரைந்தபின், சுண்ணாம்புப் பொடியால் தரையில் இரு ஓரத்தையும் கோடு போடுங்கள். ஓரங்களில் 10 அடிக்கு ஒரு கம்பு நட்டு, உள்ளே ஒரு காரை உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள். எந்தக் கம்பு சாய்கிறதோ அங்கே கோட்டை மாற்றவேண்டும். கோடு முடிவானதும், காப்பாற்றப் போகும் மரங்களின் வட்டத்தைக் கமுகுக் கம்பும் கயிறும் கொண்டு வேலி கட்டுங்கள். ரிப்பன் போதாது, லாரி ரிப்பனைப் பார்க்காது. பிறகு 40 மில்லி ஜல்லியை அந்த வழியில் மட்டும் அரையடி கனத்துக்கு விரித்து, வீட்டு வேலைக்கான எல்லா வண்டியும் அதில்தான் வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கலவை லாரி நிறைபாரத்தில் ஏறக்குறைய 25 டன் இருக்கும். ஈர மண்ணில் அது ஒருமுறை ஏறினாலே மண் செங்கல்போல் இறுகிவிடும், அதற்குள் வேரும் போகாது, தண்ணீரும் போகாது. வழி எப்படியும் இறுகத்தான் வேண்டும், அதனால் இறுகவேண்டிய இடத்தில் மட்டும் இறுகட்டும்.

வழிக்கோட்டில் எடுத்த மரங்களின் மூடு மண்ணுக்குள் கிடக்கக்கூடாது. மேலே மண் போட்டு மூடினால் இரண்டு மூன்று வருடத்தில் மட்கி, கறையான் தின்று, வழி அங்கே குழிந்துவிடும். மூட்டைப் பறித்த பள்ளத்தை சரளை மண்ணால் அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, இடித்து நிரப்புங்கள். ஒரே நாளில் குப்பையும் கட்டடக் கழிவும் தள்ளி மூடிய பள்ளம்தான் அடுத்த மழையில் சக்கரத்தை விழுங்கும்.

மேல்தளத்துக்கு என் விருப்பம் இரட்டைத் தடம். காரின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே சுமார் 5 அடி. ஆகவே இரண்டரை அடி அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டை, நடுவே இரண்டரை அடி மண் அல்லது புல். 80 அடிக்கு 5 இஞ்சு கனத்தில் முழுத்தளம் போட்டால் 333 கன அடி கான்கிரீட் பிடிக்கும், இரட்டைத் தடத்துக்கு 167 கன அடி. பாதிச் செலவு, நடுவில் விழும் மழை நேராக வேருக்கு. 10 அடிக்கு ஒரு வெட்டு விடுங்கள், மேலே தென்னை ஈர்க்குமாற்றால் குறுக்காகக் கீறுங்கள். மரநிழலில் வழுவழுவென்று தேய்த்த தளம் முதல் ஆடி மழையிலேயே பச்சைப் பாசி பிடித்து ஆளைத் தள்ளும். திருப்பங்களில் இரட்டைத் தடம் உதவாது, பின்சக்கரம் உள்ளே வெட்டிப் போகும். அங்கே பேவர் கல் போடுங்கள், 80 மில்லி கனமுள்ளது. 60 மில்லி கல் காருக்குத் தாங்கும், மண் லாரி ஒன்று வந்தால் தாங்காது.

வேர் வட்டத்துக்குள் போகும் துண்டில் தோண்டவே கூடாது. புல்லையும் சருகையும் கையால் நீக்கிவிட்டு, தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் பாறைப்பொடி கலக்காத கழுவிய ஜல்லியை 6 இஞ்சு போடுங்கள். பொடி கலந்தால் இடுக்கு அடைந்து காற்றும் தண்ணீரும் போகாது. ஓரம் பிடிக்க வாய்க்கால் தோண்டிக் கல் பதித்தால் அங்கேயே வேர் அறும். செம்பாறையில் வெட்டியெடுத்த வெட்டுகல்லை மேலோடு அடுக்கினால் போதும். இந்தத் துண்டு இரு பக்கத்தையும்விடக் கொஞ்சம் உயரும். அந்த உயரத்தை 10 அடி நீளத்தில் கரைத்துவிட்டால் வண்டிக்குத் தெரியாது.

தட்டை வெட்டும் இடத்தில் வெட்டுகல் மண் நேராக நிற்கும். அதை நம்பி அப்படியே விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு அடிக்குக் கீழே வெள்ளையும் மஞ்சளுமாக வழுக்கும் மண் தெரிந்தால் கவனம். ஊறினால் மேல்தட்டோடு சேர்ந்து இறங்கும். அங்கே கருங்கல் சுவர் கட்டுங்கள். அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. 5 அடிக்கு ஒன்றாக 3 இஞ்சுக் குழாய்களை வெளிப்பக்கம் சாய்த்து வைத்து, பின்னால் ஜல்லி நிரப்புங்கள். சுவர்கள் சாய்வது பாரத்தால் குறைவு, பின்னால் தேங்கும் தண்ணீரால்தான் அதிகம்.

மண்வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை. ஜல்லி விரித்த நிலையிலேயே ஒரு மழைக்காலம் கழியட்டும், கான்கிரீட்டும் பேவரும் அப்புறம். முதல் கனமழை விட்டதும் மறுபடி போய்ச் சருகு ஒதுங்கிய கோட்டைப் பாருங்கள். பழைய குச்சிகள் நின்ற இடத்தைவிட்டு அது நகர்ந்திருந்தால், அந்த நேரத்தில் மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்காலைக் கீறித் திருப்பிவிட்டாலே சரியாகிவிடும்.